பேட்டரி சேவர் பரபக்கம்

ஸ்மார்ட்ஃபோனில் பேட்டரி சேவர் என்னும் செயலியை ஏற்றிக்கொண்டால் சார்ஜ் நிற்குமா, நிற்காதா? பேருந்து நிறுத்தத்திலும் கல்யாணப் பந்தியிலும் அன்றாடம் வாதிடப்படும் இப்பொருளை, பிறர் கட்சியைச் சொல்லி மறுத்து நம் கட்சியை நிறுவும் முறைப்படி யாரும் எடுத்தாண்டதாகத் தெரியவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை. முறைக்கு முன்னோடி அருள்நந்தி சிவாச்சாரியார். 13ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய சிவஞான சித்தியார், மாற்றுக் கொள்கைகளையெல்லாம் பரபக்கத்தில் வரிசையாக நிறுத்தி மறுத்த பிறகே சுபக்கத்தில் தன் கொள்கையைச் சொல்கிறது. பதி, பசு, பாசம் மூன்றுக்கும் போதுமாக இருந்த முறை 5000 எம்ஏஹெச்சுக்குப் போதாமலா போய்விடும்?

ஆய்வு எல்லை

பேட்டரி நிற்பது வேறு, உழைப்பது வேறு. காலையில் ஏற்றிய சார்ஜ் ராத்திரி வரை வந்தால் நிற்கிறது என்போம். வாங்கி மூன்று வருடம் ஆகியும் முதுகு வீங்காமல் இருந்தால் உழைக்கிறது என்போம். செயலி விளம்பரங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் வாக்களிக்கும்.

உழைப்பது முழுக்க வேதியியல். லித்தியம் அயனிகள் ஒரு பக்கம் கிராஃபைட்டுக்கும் மறுபக்கம் உலோக ஆக்சைடுக்கும் போய்வருகின்றன; போய்வரப் போய்வரத் தேய்மானம். உச்சி வெயிலில் காரின் டேஷ்போர்டில் கிடந்தாலும், நூறு விழுக்காட்டிலேயே இரவு முழுக்கச் சொருகிக் கிடந்தாலும் அது கூடும். இந்தப் பேட்டரிக்காக 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான். மூவரும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது மின்முனைகளோடு. திரையில் பச்சையாக ஒரு பொத்தான் வைத்தால் அயனிக்குக் காது கேட்கும் என்று மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே உழைப்பு பற்றிய வாக்குறுதியை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்கிறோம். எஞ்சுவது நிற்பது மட்டுமே.

எவ்வளவு சொத்தின்மீது இந்த வழக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 5000 எம்ஏஹெச் பேட்டரி முழுதாக நிறைந்தால் சுமார் 19 வாட் மணி. ஒரு யூனிட் மின்சாரத்தில், வழியில் வீணாவதைக் கழித்தாலும், 35 தடவைக்கு மேல் நிரப்பலாம். தினம் ஒரு முறை நிரப்பினாலும் வருடத்துக்குப் பத்து யூனிட் பக்கம்தான் வரும். ஒன்றரை டன் ஏசி அதை ஓரிரு இரவில் தின்றுவிடும். ஏசிக்கு சேவர் கேட்டு எவரும் கடை ஏறியதில்லை. எனவே இது காசு பற்றிய வழக்கன்று. திரையின் மூலையில் 15 என்று சிவப்பாகத் தெரியும்போது வயிற்றில் உண்டாகும் ஒன்றைப் பற்றிய வழக்கு என்க.

பரபக்கம்

எதிர்க்கட்சிகள் நான்கு.

முதலாவது துடைப்பு வாதம். இவர்கள் செயலி எதையும் நம்புவதில்லை, கட்டைவிரலை நம்புகிறார்கள். சதுரப் பொத்தானை அழுத்தி, வரிசையாக எழும்பி நிற்கும் செயலிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி அனுப்புவார்கள். சிலர் இதைப் பேசிக்கொண்டே செய்வார்கள், சிலர் தூக்கத்தில்கூடச் செய்வார்கள். 'பின்னாடி ஓடிக்கிட்டே இருக்குல்ல' என்பது இவர்களின் மூல சூத்திரம்.

மறுப்பு: அந்த வரிசையில் தெரிபவற்றில் பெரும்பாலானவை ஓடவில்லை. விட்ட இடத்தில் உறைந்து, நினைவகத்தில் சும்மா இருக்கின்றன. நினைவகம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அதற்கு வேண்டிய மின்சாரம் ஏறக்குறைய ஒன்றே. தள்ளிவிட்ட வாட்ஸ்அப்பைச் சற்று நேரத்தில் மறுபடி திறக்கத்தான் போகிறோம். அப்போது அது அடியிலிருந்து முழுதாக ஏற வேண்டும், மையச் செயலகம் உழைக்க வேண்டும். திண்ணையில் தூங்கும் பெரியவரை எழுப்பித் தெருக்கோடி வரை நடக்கவிட்டு, உடனே 'மாமா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க' என்று திரும்பக் கூப்பிடுவதில் யாருக்கு என்ன மிச்சம்? கோளாறாகிச் சிக்கிக்கொண்ட செயலியை மூடுவது மட்டும் நியாயம். அதைத் துடைப்பு வாதிகளுக்குச் சலுகையாக வழங்குகிறோம்.

இரண்டாவது பச்சைப் பொத்தான் வாதம். இதுவே இவ்வாய்வின் மூலவர். துடைக்கும் வேலையைத் தாமே செய்யாமல் சேவர் செயலியிடம் குத்தகைக்கு விட்டவர்கள் இவர்கள். குத்தகைதாரர் சும்மா இருந்தால் நாம் மறந்துவிடுவோம் அல்லவா? அதனால் அவர் எந்நேரமும் விழித்திருப்பார். அறிவிப்புப் பட்டையில் நிரந்தரமாகக் குடியிருப்பார். 'உங்கள் ஃபோன் ஆபத்தில் இருக்கிறது' என்று நடுச்சாமத்தில் திரையை எழுப்பிச் சொல்வார். இவருக்குரிய மறுப்பு அளவைப் பகுதியில் வரும்.

மூன்றாவது குளிர்விப்பு வாதம். ஃபோன் சூடானால் இவர்களின் செயலி திரை முழுக்கப் பனி பெய்யும் படத்தை ஓட்டும். பனி பெய்து முடிவதற்குள் ஃபோன் இன்னும் கொஞ்சம் சூடாகியிருக்கும். இதற்கு மறுப்பு வேண்டியதில்லை.

நான்காவது நோக்கியா வாதம். 2003இல் வந்த நோக்கியா 1100, 850 எம்ஏஹெச் பேட்டரியில் 400 மணி நேரம் வரை காத்துக் கிடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. கூடவே டார்ச்சும் எரிந்தது. 'அந்தக் காலத்துல வாரம் ஒரு தடவதான் சார்ஜ் போடுவோம்' என்பார்கள். வாதம் உண்மையே. அந்தத் திரையில் ரீல்ஸ் பார்க்க முடியாததால் வழக்குக்குப் பொருந்தாது.

அளவை

ஒரு பொருளின் உண்மையை அறியப் பலர் பல அளவைகள் சொன்னாலும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அவை அடங்கும் என்பது சைவ சித்தாந்த மரபு. பச்சைப் பொத்தானை மூன்றிலும் நிறுத்துவோம்.

காண்டல். பொத்தானை அழுத்துகிறோம். வட்டம் சுழல்கிறது, ராக்கெட் ஒன்று மேலே போகிறது, 'ஒரு மணி நாற்பது நிமிடம் கூடியது' என்று எழுத்து வருகிறது. மூலையில் 46 என்று இருந்தது 46 ஆகவே இருக்கிறது. கூடிய ஒரு மணி நாற்பது நிமிடம் எங்கே? பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதை ஃபோனுக்குள் இருக்கும் அளவுச் சில்லு ஒன்று, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கை ஆண்ட்ராய்டிடம் கேட்டு வாங்கித்தான் எந்தச் செயலியும் காட்ட முடியும். அதற்கெனத் தனி அளவுகோல் எதுவும் இல்லை. நேரம் கூடியது என்பது அதே செயலி தானாகப் போட்ட மதிப்பீடு. கூட்டியவரும் அளந்தவரும் சான்று கொடுத்தவரும் ஒருவரே ஆதலின் காண்டல் அளவையில் இது நில்லாது.

கருதல். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது பழைய பாடம். இங்கே:

மேற்கோள்: இச்செயலி சார்ஜ் தின்பது.
ஏது: விளம்பரம் உடைமையால்.
எடுத்துக்காட்டு: விளம்பரமுடைய இலவசக் கேரம்போர்டு விளையாட்டு போல.

இது வெறும் வாய்ச்சவடால் அல்ல. 2012இல் பர்டூ பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவினரும் சேர்ந்து, செயலிக்குள் எந்தப் பகுதி எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அளந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இலவசச் செயலிகளில் 65 முதல் 75 விழுக்காடு மின்சாரம் விளம்பரப் பகுதிகளுக்கே போயிருந்தது. விளையாட்டு மிச்சத்தில்தான் நடந்திருக்கிறது. சேவர்களில் மிகப் பலவும் இலவசம், விளம்பரத்தால் பிழைப்பவை. பொத்தானை அழுத்தியதும் ராக்கெட்டுக்குப் பின்னால் அரைநிமிட வீடியோ ஒன்று வருவதை யாரும் கண்டிருக்கலாம். மேற்கொண்டு கருத ஒன்றுமில்லை.

உரை. நம்பத்தக்கவர் சொல்லே உரை. நம்பத்தக்கவர் யார் என்பதில்தான் சிக்கல். ரிச்சி தெருவிலோ நம் ஊர்ச் சந்தைத் தெருவிலோ ஏதேனும் ஒரு செல்ஃபோன் கடை வாசலில் நின்றால் கேட்கலாம்:

"தம்பி, சார்ஜே நிக்க மாட்டேங்குதுப்பா."

"பின்னாடி ஏகப்பட்ட ஆப் ஓடுதுக்கா. குடுங்க, ஒரு சேவர் போட்டுத் தர்றேன்."

அக்காவுக்கு நிம்மதி. தம்பிக்கு உதவிய திருப்தி. மறுநாள் அதே நேரத்துக்கு ஃபோன் அணைகிறது. ஆனால் இப்போது அக்கா பழியைத் தன் பேரனின் கார்ட்டூன் மேல் போடுகிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எதிர்ப்பக்கச் சான்றோர் இருவர். 2016இல் ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, செயலிகளை அடிக்கடி மூடுவதால் பேட்டரிக்கு நன்மை இல்லை என்று ஒரு பயனருக்கு மின்னஞ்சலில் பதில் எழுதினார். அதையொட்டி ஆண்ட்ராய்டின் தலைவராக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே ஆமோதித்தார். எதிரெதிர்ச் சமயத்தார் இருவர் ஒரே சூத்திரத்துக்கு ஒரே உரை எழுதுவது அரிது. எழுதியிருப்பதால் அதையே ஆப்த வாக்கியமாகக் கொண்டோம்.

சுபக்கம்

இனி நம் கட்சி. அது பலர் எதிர்பார்ப்பதுபோல 'எல்லாம் பித்தலாட்டம்' என்பதன்று. பேட்டரி சேவருக்கு உண்மையாகவே வேலை இருந்த காலம் ஒன்று உண்டு.

ஆண்ட்ராய்டின் தொடக்க வருடங்களில் எந்தச் செயலியும் நினைத்த நேரத்தில் எழுந்து ஃபோனைத் தூங்கவிடாமல் பிடித்துவைக்கலாம், கேட்பார் இல்லை. மேசைமேல் சும்மா வைத்த ஃபோன் விடிவதற்குள் காலியாகும். அப்போது கிரீனிஃபை போன்ற சில, தொல்லை தரும் செயலிகளைக் கொல்லாமல் உறங்க வைத்தன. விவரம் தெரிந்தவர்கள் விரும்பி ஏற்றிக்கொண்டார்கள். அந்த நூல்வழி மரபை நாம் வணங்குகிறோம்.

பிறகு ஃபோனே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 2014இல் ஆண்ட்ராய்டு 5 தனக்கென்று ஒரு சேவரோடு வந்தது. 2015இல் ஆண்ட்ராய்டு 6, ஃபோன் அசையாமல் திரை அணைந்து கிடந்தால் எல்லாச் செயலிகளையும் அடக்கி, இடையிடையே சிறு இடைவேளை மட்டும் விட்டது. 2018இல் ஆண்ட்ராய்டு 9, நாம் எதை அடிக்கடி தொடுகிறோம், எதை ஏற்றிவிட்டு மறந்துவிட்டோம் என்று பார்த்துத் தரம் பிரித்து, மறக்கப்பட்டவற்றுக்குப் படியைக் குறைத்தது. வேலை போன பின்னும் பச்சைப் பொத்தான் மட்டும் போகவில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கோடு டியூ பேட்டரி சேவரும் அந்தப் பட்டியலில் இருந்தது. தடைக்குக் காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும், சார்ஜ் அல்ல. அதனால் நம் வழக்குக்கு அதை முன்தீர்ப்பாகக் காட்ட முடியவில்லை.

முடிவான தீர்ப்பு 2023இல் ஆண்ட்ராய்டு 14இல் வந்தது. பிற செயலிகளின் பின்னணி இயக்கத்தைக் கொல்லும் கட்டளை அதுவரை சேவர்களின் கையில் இருந்தது. புதிய விதிப்படி கட்டளை இருக்கிறது, கொலை மட்டும் நடக்காது: ஒரு செயலி அதைக்கொண்டு தன் சொந்தப் பின்னணி இயக்கத்தை மட்டுமே கொல்லலாம். ஆக, அந்தக் கட்டளையால் ஒரு பேட்டரி சேவர் சார்ஜை மிச்சப்படுத்த இன்றைக்கு ஒரே ஒரு வழி இருக்கிறது. அதை அது ஒருபோதும் தேர்ந்தெடுப்பதில்லை.

சில சேவர்கள் புறவாசல் ஒன்றைக் கண்டுபிடித்தன. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கை வராதவர்களுக்கும் உதவுவதற்காக ஃபோனில் அணுகல்தன்மை அனுமதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அமைப்புப் பக்கங்களைத் தானே திறந்து, 'கட்டாயமாக நிறுத்து' என்பதைத் தானே அழுத்தும். பேய் பிடித்ததுபோல் ஃபோன் தானாக இயங்குவதைப் பார்க்க ரசமாகத்தான் இருக்கும். அந்த அனுமதி பெற்றவர் திரையில் தெரிவதையெல்லாம் படிக்கலாம் என்பதை மட்டும் ரசிப்பவர் நினைவில் கொள்க. வங்கிச் செயலியும் அதே திரையில்தான் திறக்கிறது.

அப்படியானால் சார்ஜ் எங்கேதான் போகிறது? முதலில் திரைக்கு. அடுத்து சிக்னலுக்கு: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, கண்ணுக்கெட்டாத கோபுரத்தைத் தேடி ஃபோன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வரும், அங்கே விமானப் பயன்முறை செய்வதை எந்தச் சேவரும் செய்யாது. கறுப்புத் திரை பற்றிய பெருமையையும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. ஓஎல்இடி திரைகளைப் பர்டூவில் 2021இல் அளந்தபோது, ஒளியை முழுக்க வைத்திருந்தால் கறுப்பு 39 முதல் 47 விழுக்காடு மிச்சப்படுத்தியது. சாதாரணமாக வீட்டுக்குள் வைக்கும் ஒளியில் 3 முதல் 9 விழுக்காடுதான். ஒளியைக் குறைப்பதே மேல். மற்றபடி ஃபோனின் அமைப்புகளுக்குள்ளேயே எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்ற பட்டியலும், ஃபோனுக்கே உரிய சேமிப்புப் பயன்முறையும் இருக்கின்றன. அந்தப் பயன்முறை பின்னணி வேலைகளையும் இருப்பிடத் தேடலையும் மெய்யாகவே குறைக்கிறது. ராக்கெட் விடுவதில்லை, பனி பெய்வதில்லை. மக்களுக்கு அதன்மேல் நம்பிக்கை வராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மேலாய்வுக்குரியவை

சார்ஜரைச் சொருகிவிட்டு சுவிட்சைப் போட மறந்தவர் காலையில் முதலில் குற்றம் சாட்டுவது பேட்டரியையா, மின்வாரியத்தையா, வீட்டில் உள்ளவர்களையா என்பது தனி ஆய்வேட்டுக்குப் போதும். 'சார்ஜ் ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு, சீக்கிரம் சொல்லு' என்று தொடங்குபவர் அதன்பின் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதைப் புள்ளியியல் துறை எடுத்துக்கொள்ளலாம். சேவரை நீக்கியதும் 'எங்களை ஏன் நீக்கினீர்கள்?' என்று திறக்கும் வினாப்பட்டியலை நேர்மையாக நிரப்பி முடிக்க எவ்வளவு சார்ஜ் ஆகும் என்பதை இவ்வாய்வாளரே மேற்கொள்ள இருக்கிறார். பல்கலைக்கழக மானியக் குழு நல்கை தர வேண்டும். கருவிச் செலவுத் தலைப்பின்கீழ் ஒரு புது ஃபோனும்.