புதுக்கோட்டைச் சைவ ஓட்டலின் ஆப்கானியத் தன்மை: ஒரு முன்னோட்ட ஆய்வு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆப்கானியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் கிரில் கடைக்குத்தான் வழி சொல்வார்கள். கம்பியில் கோழி சுழலும் கடை, விலைப்பட்டியலில் ‘ஆப்கானி சிக்கன்’ என்ற பெயர், தட்டில் முந்திரி விழுதும் கிரீமும் பூசி வெளுத்துப்போன ஒரு கோழி, ஓரத்தில் மயோனைஸ். இந்தக் கோழிக்குக் காபூல் வீட்டு அடுப்பைவிட டெல்லி ஓட்டல் அடுப்புதான் நெருங்கிய உறவு என்பதால் அதை இங்கேயே விட்டுவிடலாம். இக்கட்டுரை நிறுவ வருவது வேறு. இம்மாவட்டத்தின் உண்மையான ஆப்கானிய உணவகங்கள், கல்லாவுக்கு மேலே முருகன் படம் மாட்டி, படத்துக்கு ஊதுபத்தி செருகி, சாம்பாரும் மிளகு ரசமும் வாளியில் நடமாடும் சைவ ஓட்டல்களே. புதுக்கோட்டை நகரின் கீழ ராஜ வீதியிலிருந்து அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி வரை இந்த வகைக் கடைகள் பரவியிருந்தும், ஆய்வுலகம் அவற்றை இன்றுவரை ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகையை நம்பியே வகைப்படுத்தி வருகிறது. பலகையை நம்பி ஆய்வு செய்தால் ‘நெய் ரோஸ்ட்’ என்பதில் நெய் இருப்பதாகவும் எழுத வேண்டியிருக்கும்.

முதற்சான்று பெருங்காயம். கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி, ஹெராத் போன்ற ஆப்கானியப் பகுதிகளின் வறண்ட மலைச்சரிவுகளில் தானாக வளர்கிறது. நாலைந்து வயதான செடியின் வேர்த்தலையைக் கீறிவிட்டால் பால் கசியும். அது காய்ந்து பிசினானதும் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி கீறுவார்கள். வேர் வற்றும்வரை வாரக்கணக்கில் இது நடக்கும். அந்தப் பிசினை மாவோடும் வேலம்பிசினோடும் கூட்டி, மனிதர் தாங்கக்கூடிய அளவுக்கு வீரியத்தைக் குறைத்த பிறகே அது நம் கடைகளுக்குக் கட்டியாகவும் தூளாகவும் வருகிறது. மும்பையில் 1894 முதல் இத்தொழில் செய்யும் லால்ஜி கோது நிறுவனத்தின் டப்பாவைத் தமிழ்நாட்டில் ‘எல்.ஜி.’ என்றால் சிறுபிள்ளைக்கும் தெரியும். கொரியாவின் வாஷிங் மெஷின் அந்த இரண்டெழுத்தோடு வந்து சேர்ந்தது வெகு காலம் கழித்துத்தான். ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் கச்சாப் பெருங்காயத்தைச் சுமார் 600 கோடி ரூபாய்க்கு இறக்குமதி செய்வதாக அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் கணக்குச் சொன்னது. வகுத்துப் பார்த்தால் கிலோ ஐயாயிரம் ரூபாய். தலைக்கு வகுத்தால் ஓர் ஆண்டுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது.

இந்த ஒரு கிராமை வைத்துக்கொண்டுதான் முதல் மறுப்பு எழுகிறது. இலை நிறைய இருப்பது காவிரிப் படுகை அரிசி, பருப்பு, கத்தரிக்காய், புளி. அதில் சிட்டிகை வாசனைக்காக ஓட்டலின் நாட்டையே மாற்றலாமா என்று கேட்பார்கள். வேறு மாவட்டத்தில் இக்கேள்விக்குப் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அது ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டது. ஆவுடையார்கோயிலில் ஆத்மநாதருக்கு உருவம் கிடையாது, ஆவுடையார் பீடம் மட்டுமே. அந்த அருவத்துக்கு நிவேதனமாகப் புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் படைகல்லில் பரப்புகிறார்கள். கீரையும் பாகற்காயும் உடன் உண்டு. அங்கே ஏற்றுக்கொள்ளப்படுவது சோற்றிலிருந்து எழும் ஆவி. உணவின் சாரம் அதன் எடையில் இல்லை, எழுந்து வருவதில்தான் இருக்கிறது என்று இம்மாவட்டம் நூற்றாண்டுகளாக நாள்தோறும் பூசை முறையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆண்டவன் சந்நிதியில் செல்லுபடியாகும் விதியைப் பேருந்து நிலையத்து ஓட்டலுக்கு மட்டும் மறுப்பதற்கு முகாந்திரம் இல்லை. ரசத்தில் புளியும் பருப்புத் தண்ணீரும் எத்தனை படியானாலும் இருக்கட்டும், டம்ளரை முகத்தருகே கொண்டுபோகும்போது முதலில் எழுந்து வருவது ஹெராத்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. அந்நியச் சரக்கு ஒன்று இருந்தால் ஓட்டல் அந்நாட்டுடையது என்றால், மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதானே, சாம்பாரை மெக்சிகோவுக்கும் மசால் தோசையைப் பெருவுக்கும் எழுதிக் கொடுத்துவிடலாமே என்பார்கள். இங்கேதான் குடியேறியவரையும் வந்துபோகிறவரையும் பிரித்தறிய வேண்டும். மிளகாய் இந்த மண்ணில் வேரூன்றி, வெயில் பட்டு, நம் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தின் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. குடியுரிமை பெற்றவரை இனி மெக்சிகோக்காரர் என்று அழைப்பது அவமரியாதை. பெருங்காயமோ ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டி, சுங்கம் கட்டி, புதிதாகத்தான் வந்திறங்குகிறது. அதே 2023இல் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் பெருங்காயமும் புவிசார் குறியீடு பெற்றதே என்று மடக்கலாம். உண்மைதான். ஆனால் அது கூட்டித் தயாரிக்கும் கைவினைக்குக் கிடைத்த மரியாதை. பிசின் ஹாத்ரஸில் சுரக்கவில்லை.

இந்த அளவுகோலை நேர்மையாகப் பயன்படுத்தினால் ஓர் இழப்பையும் ஏற்க வேண்டும். மாவட்டத்தின் பேர்பெற்ற அசைவ மெஸ்கள் ஆய்வு வரம்புக்கு வெளியே போய்விடுகின்றன. கறிக்குழம்பிலும் மீன்குழம்பிலும் பெருங்காயத்துக்கு வேலையில்லை, பூண்டும் சோம்பும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இதனால் விளையும் நிலைமை விசித்திரமானது. ஆட்டுக்கறியை உயிராக மதிக்கும் ஒரு நாட்டின் வாசனை, ஊரில் ஆட்டுக்கறி சமைக்கும் கடைகளையெல்லாம் தாண்டிப்போய், பூண்டுகூடச் சேர்க்காத அடுப்படியில் குடியிருக்கிறது. பூண்டு, வெங்காயத்தை விலக்கியவர்களுக்கு அந்தக் கந்தகச் சுவைக்கு ஈடாக ஒன்று வேண்டியிருந்தது, பெருங்காயத்தில் அது தாராளமாக உண்டு என்பது இதற்கான காரணம். பருப்பு ஏற்படுத்தும் வாயுவுக்கு அது கைவைத்தியம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. அசைவ மெஸ்களைப் பொறுத்தவரை, அவற்றின் தாளிப்பில் விழும் அன்னாசிப்பூ பெரும்பாலும் சீனாவிலும் வியட்நாமிலும் விளைவது என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம். அதன் விளைவுகளை வேறொரு ஆய்வாளர் எடுத்துச் செய்யலாம்.

மிகக் கடுமையான மறுப்பு ஆப்கானியர் பக்கத்திலிருந்தே வரக்கூடும். பெருங்காயத்தை விளைவிக்கிறார்களே ஒழிய அவர்கள் அன்றாடச் சமையலில் அதை அதிகம் தொடுவதில்லை. குளிர்காலத்துக்காக ஆட்டிறைச்சியை உப்பிட்டு உலர்த்தும் ‘லாண்டி’யில் அதைத் தேய்ப்பார்கள், அவ்வளவுதான். காபூலி புலாவில் ஆட்டுக்கறி, நீளவாக்கில் சீவிய கேரட், உலர்திராட்சை, சீரகம், ஏலக்காய் உண்டு, பெருங்காயம் கிடையாது. மந்து என்ற கறிக்கொழுக்கட்டையிலும் போலானி ரொட்டியிலும் அப்படியே. தரையில் தஸ்தர்கான் என்ற சாப்பாட்டுத் துணியை விரித்து உட்காரும் ஒரு காபூல்வாசிக்கு ரசத்தைக் கொடுத்தால் தன் நாட்டை அதில் அடையாளம் காண மாட்டார். இதற்கு நம் பதில் டெல்லி லாஜ்பத் நகரில் இருக்கிறது. அங்கே ஆப்கானியர் நடத்தும் உணவகங்களில் காபூலி புலாவ் கிடைக்கும். சமைப்பவர் ஆப்கானியர், செய்முறை ஆப்கானியம். ஆனால் பாசுமதி பஞ்சாபிலோ ஹரியானாவிலோ விளைந்தது, கேரட் டெல்லிச் சந்தையுடையது, ஆடு இந்தியப் புல் மேய்ந்தது. திராட்சையை எடுத்துவிட்டால் தட்டில் ஆப்கானிய மண் பட்ட பொருள் ஏதும் மிஞ்சுமா என்பது சந்தேகம். புதுக்கோட்டையில் சமைப்பவரும் செய்முறையும் உள்ளூர், உள்ளே போகும் பிசின் ஆப்கானியம். முன்னது நினைவால் ஆப்கானியம், பின்னது பொருளால். நினைவுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் ஆய்வு என்று வந்துவிட்டால் பொருளைத்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

தொல்லியல் சான்று இல்லையே என்றும் சொல்வார்கள். ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பலவற்றில் பேரரசரின் முகத்தின் மேலேயே உளியால் வெட்டியிருந்தது. ரோமாபுரிக்கு இப்படிப் பிடிமானமான ஆதாரம் இருக்கையில் ஆப்கானிஸ்தானுக்கு என்ன இருக்கிறது என்பது கேள்வி. காசைப் புதைக்கலாம், வாசனையைப் புதைக்க முடியாது என்பதே விடை. தவிர, ரோமானியர் கொண்டுவந்ததை நம்மவர் மண்ணுக்குள் ஒளித்தார்கள், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்ததைத் தின்றுவிட்டார்கள். இரண்டில் எது நெருக்கமான உறவு என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். அண்மைக்கால ஆதாரம் வேண்டுவோர்க்கு 2021 ஆகஸ்ட் இருக்கிறது. காபூலில் ஆட்சி கைமாறியபோது அங்கிருந்து இந்தியாவுக்கு வரும் சரக்கு தடைப்பட்டு, பெருங்காயமும் உலர்பழங்களும் என்ன விலைக்குப் போகுமோ என்று வியாபாரிகள் கவலைப்பட்டார்கள். காபூலில் அரசு கவிழ்ந்தால் கையிருப்பை எண்ணிப் பார்க்க வேண்டிய நிலையிலுள்ள அடுப்படியை ஆப்கானிய அடுப்படி என்று சொல்லத் தயங்குபவர், வேறு என்ன ஆதாரம் கிடைத்தால் ஒப்புவார் என்று தெரியவில்லை.

ஈரானும் உஸ்பெகிஸ்தானும் பங்கு கேட்டால் தாராளமாகக் கொடுத்துவிடலாம். கட்டி எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த வாரம் ஓட்டல் அந்நாட்டுடையது என்று வைத்துக்கொள்வதில் சரக்கு மாஸ்டருக்கு ஆட்சேபம் இருக்காது, வாடிக்கையாளருக்கும் விலை மாறாது. நம் வாதத்துக்கு உண்மையான ஆபத்து இமாச்சலத்திலிருந்துதான் வருகிறது. 2020 அக்டோபரில் லாஹௌல் பள்ளத்தாக்கின் குவாரிங் கிராமத்தில் பெருங்காயக் கன்றை நட்டார்கள். 2025இல் பாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் செடி பூத்து விதையும் பிடித்தது. மிளகாய்க்கு நாம் வகுத்த விதி இதற்கும் பொருந்தும். இமாச்சலப் பிசின் சந்தையை நிரப்பும் நாளில் பெருங்காயமும் குடியுரிமை வாங்கிவிடும், புதுக்கோட்டையின் ஆப்கானிய உணவகங்கள் ஒரே இரவில் வெறும் சைவ ஓட்டல்களாகிவிடும். அந்த நாள் இன்னும் வரவில்லை. ஆகவே ஆப்கானியச் சாப்பாட்டுக்கு ஆசைப்படும் மாவட்டவாசிகள் கிரில் கடையைக் கடந்து நடந்து, மதியம் இரண்டு மணிக்கு ரசம் தீர்வதற்குள் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடிக்கலாம்.