பதிவு மூப்பு உள்ளவன் எழுதுவது

அனுப்புநர்: பி.எஸ்சி. தாவரவியல் படித்த ஒரு பதிவுதாரர்
பெறுநர்: எங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்
பொருள்: வேலை தேடுவது எப்படி என்று வழிகாட்டக் கோருதல் – தொடர்பாக

ஐயா / அம்மா,

என் பதிவு உயிரோடு இருக்கிறது என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் கொடுத்தபோதே பள்ளிக்கூடத்தில் வைத்துப் பதிந்துவிட்டார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பிக்கிறேன். கேஸ் புக் பண்ண மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன். மறந்தால் பதிவு மூப்பு போய்விடும் என்று அப்பா பயமுறுத்தி வளர்த்திருக்கிறார்.

தமிழ்நாடு முழுக்க என்னைப் போல் பதிந்து வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் 70 லட்சத்தைத் தாண்டினார்கள். வயதுவாரியாக அரசு வெளியிடும் பட்டியலில் 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தனி வரிசையே உண்டு. அரசு ஊழியர் 60 வயதில் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். பதிந்தவருக்கு ஓய்வு வயது கிடையாது.

உங்கள் வரலாற்றைப் படித்துப் பார்த்தேன். 1945ல் இந்த அலுவலகங்களை ஆரம்பித்தது, உலகப் போர் முடிந்து படையிலிருந்து திரும்பியவர்களை வேலையில் அமர்த்துவதற்காக. அவர்கள் வரிசையில் நின்று பழகியவர்கள், ஆணை வரும்வரை அசைய மாட்டார்கள். அதே ஒழுக்கத்தை எங்களிடமும் எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது.

அப்புறம் 1959ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தெரிவிக்காவிட்டால் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை அபராதம் இருந்தது. தெரிவித்துவிட்டு உங்கள் பட்டியலிலிருந்து ஒருவரைக்கூட எடுக்காவிட்டால்? அபராதம் இல்லை. எடுத்தே தீர வேண்டிய கட்டாயம் கிடையாது என்று அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஊருக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டும், பந்தியில் உட்கார வைக்க வேண்டியதில்லை! தேர்வாணையம் தேர்வு நடத்தி நிரப்பும் இடங்களும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தன. 1996ல் உச்ச நீதிமன்றம் வேறு, உங்களிடம் பெயர் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது, நாளிதழிலும் விளம்பரம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. பழைய சட்டத்தை இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். எடுக்க வேண்டியதில்லை என்ற சலுகை மட்டும் பத்திரமாக அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வேலையில்லாதோருக்கான உதவித்தொகை பற்றியும் சொல்ல வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டுக்கு. பதிந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எல்லா நிறுவனமும் வேலை பார்த்த அனுபவம் கேட்கிறது, வேலை இல்லாமல் இருந்த அனுபவத்தைக் கேட்பது நீங்கள் ஒருவர்தான். நாளுக்கு 20 ரூபாய் ஆகிறது. ஒரு டீ குடித்துவிட்டு, மிச்சத்தில் பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுக்கலாம். எங்கள் வீட்டு வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்ற வரம்பைத் தாண்டிவிட்டதால் எனக்கு அந்த டீயும் இல்லை.

உங்கள் தன்னார்வப் பயிலும் வட்டத்தைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. வெளியே ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் குரூப் 4 தேர்வு வகுப்பை இலவசமாக நடத்துகிறீர்கள், புத்தகமும் இருக்கிறது. ஆனால் கீழே பதிவைப் புதுப்பித்துவிட்டு மாடியேறி வகுப்பில் உட்காரும்போதுதான் உறைக்கிறது: கீழ்த்தளத்தை நம்பாதே என்று மேல்தளத்தில் பாடம் நடத்துகிறீர்கள்.

வெள்ளிக்கிழமை தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கும் வந்தேன். தாவரவியல் என்று படித்ததும் முதல் மேசைத் தம்பி என் முகத்தைப் பார்த்தார். “டூவீலர் இருக்கா சார்? லைசென்ஸ்?” அதற்கு மேல் கேள்வி இல்லை. அடுத்த மேசை இன்சூரன்ஸ். சம்பளம் கிடையாது, கமிஷன். வேலை கேட்டுப் போன என்னிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் 50 பேர் பெயரையும் போன் நம்பரையும் எழுதச் சொன்னார்கள்.

எழுதினேன். எழுதி முடித்ததும் தாளை அவர்களிடம் கொடுக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலை தேடக் கிளம்பியதிலிருந்து என் கைக்கு வந்த உருப்படியான ஆவணம் அதுதான். ஒவ்வொருவராகப் போன் போட்டேன். “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணே” என்றால் “பாக்கலாம்பா” என்று வைத்துவிடுகிறார்கள். கேள்வியை மாற்றினேன். “உங்க கம்பெனில ஆள் எடுக்கிறது யாரு? எப்ப எடுப்பாங்க?” இதற்கு எல்லோரும் பதில் சொன்னார்கள், சிலர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்கள். அப்படித்தான் ஒரு விதை நிறுவனத்து ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாகிறது என்று தெரிந்தது. சொன்னவர் வேலையை விட்டுப் போகிறவரே. பயோடேட்டாவில் ‘கடின உழைப்பாளி’ என்ற வரியை அடித்துவிட்டு, கல்லூரியில் திசு வளர்ப்பு செய்முறையில் என்னென்ன செய்தேன் என்று எழுதிக் கொண்டுபோனேன். நேர்காணல் முழுக்க அந்த ஒரு பத்தியைப் பற்றித்தான் நடந்தது. ஒன்றாம் தேதி சேர்கிறேன்.

அந்தக் காலியிடத்தை உங்களுக்குத் தெரிவித்தார்களா என்று நான் கேட்கவில்லை. சேருவதற்கு முன்பே முதலாளிக்கு அபராதச் செலவு வைக்க வேண்டாமே.

ஆகவே ஒரே ஒரு கோரிக்கை. சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் கேட்கும் உங்கள் பதிவில் இன்னும் ஒரு கட்டம் சேருங்கள்: ‘தெரிந்தவர் யார்?’ அப்படி யாருமே இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள், அந்த வெள்ளைத்தாளில் பத்துப் பேருக்கு மேல் எழுத முடியாதவர்கள். அவர்களுக்கு நீங்களே தெரிந்தவராக இருங்கள். முதலாளிகளுக்குப் போன் போட்டு நான் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். அலுவலகத்தில் தொலைபேசி இருக்கிறது, வரும்போதெல்லாம் பார்க்கிறேன்.

என் பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். சம்பளம் வாங்கினாலும் புதுப்பிக்க வருவேன். பதிவு மூப்பை யாராவது விடுவார்களா?

இப்படிக்கு,
தங்கள் பதிவுதாரர்

பி.கு.: பயிலும் வட்டத்தில் ஜன்னலோர மின்விசிறி வெகுநாளாக ஓடவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் என்ற தலைப்பில் உங்கள் கம்ப்யூட்டரில் ஒருமுறை தேடிப் பார்க்கவும்.