நாலு பக்கக் கனவான்

மான்செஸ்டர் வட்டாரத்தில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் சனிக்கிழமை காலையில் இவரைப் பார்க்கலாம். தொண்டு நிறுவனம் நடத்தும் பழைய சாமான் கடை எப்போது திறக்கும் என்று வாசலில் காத்து நிற்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தலையில் நரைத்த குடுமி, அல்லது ஒரு காலத்தில் குடுமி இருந்ததற்கான அடையாளம். தோளில், பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு தாராளமாக நுழையும் துணிப்பை. கதவு திறந்ததும் கோட்டு, கோப்பை, புத்தகம் எதையும் ஏறிட்டுப் பார்க்காமல் கடைசி மூலைக்குப் போய், தரையிலிருக்கும் அட்டைப்பெட்டி முன் மண்டியிடுவார். மண்டியிடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பெட்டியில் என்ன இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஜிம் ரீவ்ஸ், மாண்டோவானி, ஜேம்ஸ் லாஸ்ட் தட்டுகள். இங்கிலாந்தில் தாத்தாக்கள் விட்டுப்போகும் சொத்து இதுதான். நம்மவர் தேடுவது வேறு: யெஸ் என்ற ராக் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. 1973 டிசம்பரில் வந்த இரட்டைத் தட்டு. பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு, நாலு பக்கத்துக்கு நாலு பாட்டு, மொத்தம் 81 நிமிடம். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் விமர்சகர்கள் பலர் இழுவை என்று கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ராக் இசைக்குத் தலைக்கனம் ஏறிய கதையைச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் இந்தத் தட்டைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். நம்மவருக்கு அது வேதம்.

வேதம் என்பதில் ஓரளவு நியாயமும் உண்டு. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பு: சாஸ்திரங்கள் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்கு வகை என்கிறது. மற்றவர்கள் அடுத்த பக்கம் புரட்டிவிடும் இடம். குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன் அதைப் படித்துவிட்டு நாலு பக்க இசைத்தட்டுக்கு வித்திட்டார். இதனால், பக்கத்து வீட்டுக்கு ஓர் இந்தியக் குடும்பம் வந்து இறங்கினால் நம்மவர் முதல் நாளே வேலியோரம் வந்து, "ஸ்மிருதியைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்பார். குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்று கேட்க வந்த மனிதர், கேட்காமலே உள்ளே போய்விடுவார்.

தட்டு அகப்பட்டுவிட்டால் முகத்தில் காட்ட மாட்டார். பக்கத்தில் இன்னொரு வேட்டைக்காரர் நின்றால், பிடித்ததை ஜேம்ஸ் லாஸ்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டுக் கூரையைப் பார்ப்பார். ஆள் நகர்ந்ததும் பரிசோதனை. அட்டையில் ரோஜர் டீன் வரைந்த மீன்கள் நீந்துகின்றன, பின்னால் மாயன் கோயில் நிற்கிறது. அதையெல்லாம் ரசிக்க இப்போது நேரமில்லை. தட்டை உருவி, ஓரத்தில் மட்டும் கை பட ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்ப்பார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவருக்குக்கூட அவ்வளவு சந்தேகம் இருக்காது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் தெரிந்தால், பிளேயரின் நடுக்கம்பியில் மாட்டத் தடுமாறிய கைகள் பல என்று அர்த்தம். பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் அது எந்த அச்சு என்று காட்டிக்கொடுக்கும். கடைசியாக அட்டையை மோந்து பார்ப்பார், பூஞ்சை வாடை இருக்கிறதா என்று. அந்தக் கட்டத்தில் கல்லாவில் இருக்கும் அம்மாள் தலையைத் திருப்பிக்கொள்வார்.

பல வருட ஆராய்ச்சியில் அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. இந்தத் தட்டில் முதல் பக்கம் கீறல் மயம். இரண்டாவது சுமார். மூன்றாவது பரவாயில்லை. நாலாம் பக்கம் மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளக்கும். "இந்தத் தேசம் நாலாம் பக்கத்துக்கு வந்ததே இல்லை" என்பார், ஏதோ நாட்டின் வீழ்ச்சிக்கு அதுவே காரணம் என்கிற குரலில்.

பழைய தட்டு உலகத்தில் மதிப்பெண் போடும் முறையே தனி. 'குட்' என்றால் மோசம். 'வெரி குட்' என்றால் கீறல் உண்டு, மனதைத் தேற்றிக்கொள். அதற்கு மேல் 'எக்ஸலண்ட்'. எல்லாவற்றுக்கும் உச்சியில் 'மின்ட்'. அந்த உச்சியை அவர் இதுவரை எதற்கும் கொடுத்ததில்லை.

வீட்டில் இதே தட்டு மூன்று பிரதி இருக்கிறது. ஒன்றின் அட்டை, ஒன்றின் முதல் தட்டு, ஒன்றின் இரண்டாம் தட்டு என்று பொறுக்கிச் சேர்த்து உத்தமமான பிரதி ஒன்று தயாரிப்பார். கழித்துக்கட்டியதை அதே தொண்டுக் கடைக்குத் தானம் செய்வார். இரண்டு மாதம் கழித்து அதையே "அடேயப்பா, என்ன மலிவு!" என்று வாங்கிவந்ததும் உண்டு.

கதை சொல்வதிலும் மன்னன். வடமேற்கு லண்டனில் மார்கன் ஸ்டுடியோவில் இந்தத் தட்டின் பதிவு நடந்தது. ஆண்டர்சனுக்கோ காட்டுக்குப் போய்ப் பதிவு செய்ய ஆசை. காட்டுக்குப் போக முடியாததால் வைக்கோல் கட்டு, மரவேலி, அட்டை மாடு என்று பட்டிக்காட்டையே ஸ்டுடியோவுக்குள் இறக்கினார்கள். கீபோர்டு வாசிக்கும் ரிக் வேக்மேனுக்கு இதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. அதே கட்டடத்தில் பதிவு செய்துகொண்டிருந்த பிளாக் சாபத் குழுவுக்கு ஒரு பாட்டு வாசித்துவிட்டு, கூலியாக பீர் வாங்கிக்கொண்டார்.

சிகரமான கதை மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்தது. 1973 சுற்றுப்பயணத்தில், தட்டு கடைக்கு வருமுன்பே முழுவதையும் மேடையில் வாசித்தார்கள். தனக்கு வாசிக்க அதிகம் வேலையில்லாத இடத்தில் வேக்மேன் சிக்கன் விண்டாலூவும் அப்பளமும் மேடையிலேயே சாப்பிட்டார். மறுவருடம் குழுவை விட்டே போய்விட்டார். "அன்றைக்கு நான் அங்கே இருந்தேன், வாசனை என் வரிசை வரைக்கும் வந்தது" என்பார் நம்மவர். அப்படிச் சொல்கிறவர்களையெல்லாம் ஒன்றுசேர்த்தால் ஓல்ட் ட்ராஃபோர்ட் மைதானம் போதாது.

ஞாயிறு மாலை வீட்டில் பாராயணம். நாலு பக்கமும் வரிசையாக, தூசி துடைத்து, ஊசி துடைத்து. பேச்சு கூடாது. ஊசி குதிக்கும்படி நடக்கக் கூடாது. தட்டைத் திருப்பும் உரிமை அவர் ஒருவருக்கே. மனைவி நெடுங்காலம் பொறுத்தார். ஒரு ஞாயிறு மூன்றாம் பக்கம் தொடங்கியதும் வாசல் மணி அடித்தது. தெருமுனை இந்திய உணவகத்திலிருந்து சிக்கன் விண்டாலூ, கூடவே அப்பளம்.

"இப்போதா?" என்றார் அவர், ஊசியைப் பார்த்தபடி.

"வேக்மேன் மேடையிலேயே சாப்பிட்டார். நான் சோபாவில் சாப்பிடக் கூடாதா?"

இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. முன்னுதாரணத்தை ஆயிரம் தரம் எடுத்துச் சொன்னவரே அவர்தான். சற்று நேரத்தில் அவர் முன்னாலும் ஒரு தட்டு வந்தது, இது சோற்றுத் தட்டு. மூன்றாம் பக்கம் முடிந்தபோது அவர் பத்து விரலிலும் மசாலா. ஊசி உள்வளையத்தில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. மனைவி எழுந்து கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, தட்டை ஓரத்தில் பிடித்து எடுத்தார். வெளிச்சத்துக்குச் சாய்த்து ஒரு பார்வை. திருப்பிப் போட்டு, பிரஷ்ஷால் ஒரு சுற்று துடைத்து, ஊசியைப் பூப்போல இறக்கினார். கைரேகை ஒன்றுகூடப் படவில்லை.

வாயில் அப்பளத்தோடு நம்மவர் சிறிது நேரம் யோசித்தார்.

"எக்ஸலண்ட்" என்றார். மின்ட் கொடுக்க அப்போதும் மனம் வரவில்லை.