சிவாஜி விஷம் குடித்த ஊரா, அலெக்சாண்டர் பிறந்த சீமையா?

ஸ்டுட்கார்ட்
ஏப்ரல் மாதம், மழை

அன்புள்ள அப்பா, அம்மா,

தினமும் வாட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டுகிறவன் கடிதம் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அம்மா "சாப்பிட்டாயா" என்று குறுக்கே வருகிறாள். நீங்கள் வீடியோ காலிலும் போனைக் காதில் வைத்துக்கொள்வதால் எனக்கு உங்கள் காது மட்டும்தான் தெரிகிறது. காதைப் பார்த்துக்கொண்டு கிரேக்க நாட்டைப் பற்றிப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் ரயில்வே நாட்களில் லீவு வேண்டுமென்றால் சொந்தக்காரர் யாரையாவது சாகடிக்க வேண்டியிருந்தது. பெரிய பாட்டி இரண்டு மூன்று தடவை செத்துப் பிழைத்தது எனக்கு நினைவிருக்கிறது. இங்கே உயிர்ச்சேதம் இல்லை. வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவனுக்கு வருடத்தில் 20 நாளாவது லீவு கொடு என்று சட்டமே சொல்கிறது. 30 நாள் கொடுக்கிற கம்பெனிகளும் நிறைய. எடுக்காவிட்டால்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஜனவரியிலேயே அவரவர் நாட்களைக் காலண்டரில் கட்டம் போட்டுவிட வேண்டும். பிறகு வருடம் முழுக்க ஒரே கேள்வி: "எங்கே போகிறாய்?" வீட்டில்தான் இருக்கப்போகிறேன் என்றால் தோளைத் தட்டி ஆறுதல் சொல்கிறார்கள்.

பள்ளி நடக்கும் நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பவும் முடியாது. பெற்றோருக்கு அபராதம் உண்டு. பக்கத்து மாநிலமான பவேரியாவில் விமான நிலையத்திலேயே போலீஸ் நின்று, "இந்தக் குழந்தை ஏன் வகுப்பில் இல்லை?" என்று கேட்ட கதையெல்லாம் நடந்திருக்கிறது. ஆகவே பெந்தெகொஸ்தே விடுமுறையில், கிரேக்கத்துக்கு, ஒரு வாரம் என்று தீர்மானித்தோம். எந்த ஊர் என்பதில்தான் சண்டை.

என் அலுவலகத்தில் இரண்டு கிரேக்கர்கள். ஒருவர் ஏதென்ஸ்காரர். இன்னொருவர் தெசலோனிகிக்காரம்மா, 1960இல் ஜெர்மனி கிரேக்கத்தோடு செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். சாப்பாட்டு அறையில் இருவரிடமும் ஒரே நேரத்தில் யோசனை கேட்டேன். அன்று மத்தியானம் யாரும் வேலை செய்யவில்லை.

ஏதென்ஸ்காரர், "பார்த்தினானைப் பார்க்காமல் கிரேக்கம் போனேன் என்று ஊரில் சொல்வாயா?" என்றார். அந்த அம்மா, "தலைநகராக்கிய 1834இல் உங்கள் ஏதென்ஸ் ஒரு சிற்றூர். எங்கள் ஊர் கிமு 315இல் கட்டியது. பைசாந்தியப் பேரரசில் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அடுத்த நகரம் நாங்கள்தான்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது, அப்பா. ஆங்கிலேயர் 1831இல் மைசூரிலிருந்த அரசுக் கச்சேரியைப் பெங்களூருக்குத் தூக்கிப்போன வருத்தம் உங்களுக்கு இன்னும் தீரவில்லை அல்லவா? 1973 வரை மாநிலத்துக்கே மைசூர் என்றுதான் பெயர் என்று தம்பியிடம் நீங்கள் வாதாடும் அதே குரல். இன்னொன்றும் கேளுங்கள். நம் அரண்மனை கட்டி முடிந்த 1912இல்தான் தெசலோனிகி கிரேக்கத்தோடு சேர்ந்தது. அதுவரை ஐந்நூறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகத் துருக்கியரிடம் இருந்தது.

இப்படித் தெசலோனிகி மைசூர், ஏதென்ஸ் பெங்களூர் என்று என் மனசில் கோடு போட்டாயிற்று. இனி வீட்டார் வாக்குகள்.

அம்மா ஏதென்ஸ் கட்சி. காரணம் சிவாஜி. 1956இல் வந்த 'ராஜா ராணி'யில் கலைஞரின் வசனத்தைப் பேசிக்கொண்டு சாக்ரடீஸாக அவர் விஷம் குடித்ததுதான் அம்மாவுக்குத் தெரிந்த கிரேக்க வரலாறு. "சிவாஜி விஷம் குடித்த இடத்தைப் பார்த்துவிட்டு வா" என்கிறாள். விசாரித்தேன். பிலோபாப்போ குன்றில் பாறையைக் குடைந்த அறைகளைச் சாக்ரடீஸ் சிறை என்று காட்டுகிறார்கள். அங்கேதான் அடைத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லையாம். "சிவாஜி மட்டும் அங்கேயா நடித்தார்?" என்கிறாள் அம்மா. இதற்கு சாக்ரடீஸே பதில் சொல்லியிருக்க முடியாது.

அம்மாவுக்கு இன்னொரு சாட்சியும் தருகிறேன். ஏதென்ஸில் 1760இல் பிறந்த டிமிட்ரியோஸ் கலனோஸ் என்பவர் கல்கத்தாவில் கிரேக்க வியாபாரிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்து, அங்கிருந்து காசிக்குப் போய், சமஸ்கிருதம் படித்து, கீதையைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்து, 1833இல் காசியிலேயே காலமானார். நம் தெருவில் காசிக்குப் போக டிக்கெட் எடுப்பதும் ரத்து செய்வதுமாக இருப்பவர்களிடம் அம்மா இதைச் சொல்லலாம்.

ஏதென்ஸுக்கு எதிரான வாதங்களும் உண்டு. அக்ரோபோலிஸுக்கு ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று 2023இல் வரம்பு வைத்து, நேரம் குறித்த டிக்கெட்டும் கொண்டுவந்தார்கள். வெயில் கொளுத்தினால் உச்சிப் பொழுதில் மூடிவிடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்தே 156 மீட்டர்தான். சாமுண்டி மலையின் ஆயிரம் படியை ஏறுகிற உங்களுக்கு அது ஒரு மலையே அல்ல. எல்ஜின் பிரபு 1801 முதல் பெயர்த்தெடுத்துப் போன சிற்பங்கள் லண்டனில் இருக்கின்றன. அதற்கு இரண்டே வருடம் முன்னால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் மரப்புலியைத் தூக்கிப்போனதும் அதே ஊருக்குத்தான். ஆக, ஏதென்ஸையும் நம் பக்கத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் லண்டன் போவது சிக்கனம்.

பெங்களூர்த் தம்பியும் ஏதென்ஸ்தான். "ரெண்டாவது ஊருக்கு எவனாவது டிக்கெட் போடுவானா?" என்றான். இந்த ஒரு வரியிலேயே என் வாக்கு தெசலோனிகிக்குப் போய்விட்டது. மகள் புத்தகம் படித்துவிட்டு, காளைத்தலை அரக்கன் வாழ்ந்த க்னோசோஸைப் பார்க்க கிரீட் தீவின் ஹிராக்ளியோனுக்குப் போகலாம் என்றாள். பத்ராஸ் ஊரின் கார்னிவல் பிரமாதம் என்று யாரோ சொன்னார்கள். அது பிப்ரவரி, மார்ச்சில் முடிந்துவிடும்.

உங்கள் வாக்கு எனக்குத் தெரியும்: அலெக்சாண்டர். புருஷோத்தமனைப் பற்றி நீங்கள் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை உண்டா? ஆனால் அவனை ஏதென்ஸ்காரன் என்று நினைத்துக்கொண்டு அம்மா கட்சியில் சேர்ந்திருக்கிறீர்கள். அவன் பிறந்த பெல்லா, தெசலோனிகியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தெசலோனிகியின் பெயரே அவனுடைய தங்கையின் பெயர்தான். அவள் கணவன் கசாண்டர் கட்டினான். தங்கச்சி வீட்டு ஊர். கட்சி மாறுவதற்கு இது போதாதா?

போதாதென்றால், ரயில். தெசலோனிகியில் மெட்ரோ வேலை 2006இல் ஆரம்பித்து, 2024 நவம்பர் 30இல்தான் வண்டி ஓடியது. தோண்டிய இடமெல்லாம் பழைய நகரம். வெனிசெலோஸ் நிலையத்தில் பளிங்குக் கல் பாவிய பழைய பெருவீதி வந்துவிட்டது. எடுப்பதா, விடுவதா என்று வருடக்கணக்கில் வழக்கு, வாதம். கடைசியில் பெயர்த்தெடுத்து, வேலை முடிந்தபின் அந்த நிலையத்துக்குள்ளேயே திரும்பப் பதித்தார்கள். நம் விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில் ரோட்டைத் தோண்டினால் போன மாதம் மூடிய குழாய்தான் வருகிறது. தெசலோனிகி மெட்ரோவில் ஓடுவது டிரைவர் இல்லாத வண்டி. ஆளில்லாமல் ரயில் ஓடுவதை நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். படம் எடுத்து அனுப்புகிறேன், பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. ஆர்த்தடாக்ஸ் விரத நாட்களில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள் என்பதால் காய்கறிச் சமையல் தாராளம். மஞ்சள் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் அதற்குப் பெயர் ஃபாவா. காலையில் பூகாட்சா: மெல்லிய மாவு அடுக்குக்குள் ரவைப் பாலேடு வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரைத் தூள் தூவி, கத்தியால் கொத்திக் கொடுப்பார்கள்.

காபி விஷயத்தை மட்டும் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இன்ஸ்டன்ட் காபித்தூளைப் பச்சைத்தண்ணீரில் போட்டு, நுரை வரக் குலுக்கி, ஐஸ் போட்டு, உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கிறார்கள். பெயர் ஃப்ராப்பே. இதைக் கண்டுபிடித்ததே தெசலோனிகிதான், 1957இல் அங்கே நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில். வெந்நீர் கிடைக்காத அவசரத்தில் ஒருவர் செய்தது நாட்டுக்கே பழக்கமாகிவிட்டது. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும்வரை யாரையும் பேசவிடாத வீட்டில் பிறந்த நான் இந்த ஊரை ஆதரிப்பது துரோகம்தான். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள் என்பதால் மன்னிக்கலாம்.

தீர்ப்பு எழுதும் நேரத்தில்தான் ஏதென்ஸ்காரர் ஒரு போடு போட்டார். "எங்கள் ஊருக்கு யார் வருகிறார்கள்? பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குவார்கள், மலை ஏறுவார்கள், படம் எடுப்பார்கள், சாயங்காலம் சாண்டோரினிக்குப் போய்விடுவார்கள். நான் பிறந்த தெருவை ஒருவரும் பார்த்ததில்லை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது நம் கதை அல்லவா? பெங்களூரிலிருந்து ஊட்டி போகிற டூரிஸ்ட் பஸ்ஸுக்கு மைசூர் ஒரு மத்தியானச் சாப்பாடு. அரண்மனை வாசலில் இறக்கி, ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதே மைசூரின் கோகுலம் பகுதிக்கு யோகா படிக்க வருகிற வெள்ளைக்காரர்களோ மாதக்கணக்கில் வாடகைக்கு இருந்து, இளநீர்க்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசுகிறார்கள். இருவரும் ஊருக்குப் போய் மைசூர் பார்த்தேன் என்றுதான் சொல்வார்கள்.

எந்த ஊர் மைசூர் என்ற வழக்கை அத்தோடு தள்ளுபடி செய்துவிட்டேன். இப்போது கவலையெல்லாம் நாங்கள் ஊட்டி பஸ்ஸா, கோகுலமா என்பதுதான். ஒரு வாரத்தை இரண்டு ஊருக்கும் ஒரு தீவுக்கும் பங்கு போட்டால் ஊட்டி பஸ். ஆகவே ஒரே ஊர், தெசலோனிகி. மேல்நகரத்தில் ஒரு வீடு பிடித்திருக்கிறோம். காலையில் சந்தை, மாலையில் வெள்ளைக் கோபுரத்திலிருந்து கடற்கரையோரம் நடை. வானம் தெளிந்திருந்தால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒலிம்பஸ் மலை தெரியுமாம்.

ஏதென்ஸை நீங்கள் இருவரும் இங்கே வரும்போது பார்ப்போம், ஒரு முழு வாரம். சிவாஜி விஷம் குடித்த இடத்தை அதுவரை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க வேண்டும். தம்பி கேட்டால் ஏதென்ஸ் போகிறேன் என்றே சொல்லிவையுங்கள். திரும்பிவந்து நானே படத்தோடு வம்பிழுத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் நீங்கள் தீர்மானிக்க வேண்டும், அப்பா. வெளியூருக்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். பெல்லாவுக்குப் போனால் அலெக்சாண்டர் பிறந்த ஊர்: இடிபாடுகள், கூழாங்கல்லால் செய்த சிங்க வேட்டைச் சித்திரம். வெர்கினாவுக்குப் போனால் அவன் அப்பா பிலிப்பினுடையது என்று சொல்லப்படும் கல்லறை: 1977இல் ஆண்ட்ரோனிகோஸ் என்ற பேராசிரியர் தோண்டி எடுத்தது, எலும்பை வைத்த தங்கப் பெட்டியோடு. பிள்ளை உலகத்தைப் பிடித்தான். அதற்குப் படையைச் சேர்த்து வைத்தவர் அப்பா. நீங்கள் எந்தப் பக்கம் வாக்களிப்பீர்கள் என்று தெரிந்ததால் வெர்கினாவுக்கு பஸ் நேரம் பார்த்து வைத்துவிட்டேன். இருந்தாலும் கேட்டேன் என்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்