அம்மா என்றோர் அரசுத் துறை

தமிழ்நாட்டில் ஊழியர் சங்கமே இல்லாத துறை ஒன்று உண்டு. அகவிலைப்படி கேட்காது, கொடி பிடிக்காது, விடுப்பு விண்ணப்பம் எழுதாது. இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே ஆள்தான் பணியில். வருஷம் போகப்போக வேலை கூடுமே தவிர, ஓய்வு வயது என்று ஒன்று வராது. அறிவுசார் குறைபாடு உள்ள, பேச்சு வராத, தன்னையும் அடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரையும் கடிக்கும் வளரிளம் பிள்ளைகளின் பராமரிப்பு முழுக்க அந்தத் துறையின் பொறுப்பில்தான் நடக்கிறது. துறையின் பெயர் அம்மா. டெண்டர் விடவில்லை, அரசாணை போடவில்லை. செலவே இல்லாததால் தணிக்கை அறிக்கையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தத் துறை எவ்வளவு சிக்கனமாக நடக்கிறது என்று பார்க்கச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம், நடுவே மணல் திட்டு. இங்கே வளர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. சென்னையின் தாகத்துக்கு நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தருவதற்கென்று கடல்நீர் ஆலை 2010இல் வந்தது. 2013இல் துறைமுகம் வந்தது. 2018இல் அதை அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்க ஏறக்குறைய 53,000 கோடி ரூபாய்க்குத் திட்டம் தீட்டினார்கள். பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். 2021இலும் 2023இலும் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின.

துறைமுகங்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எவ்வளவு பெரிய கப்பலானாலும் குறுகலான இடத்தில் தானாகத் திரும்ப முடியாது என்பதை அங்கே யாரும் அவமானமாக நினைப்பதில்லை. கரையிலிருந்து வழிகாட்டி மாலுமி போய் ஏறுகிறார். இழுவைப் படகுகள் கப்பலைத் தள்ளியும் இழுத்தும் அணைத்தும் கரை சேர்க்கின்றன. நள்ளிரவானாலும் ஆள் உண்டு, ஷிப்டு உண்டு. “உன் கப்பல், நீயே பார்த்துக்கோ, போன ஜென்மத்துப் பாவம்” என்று கேப்டனிடம் யாரும் சொல்வதில்லை.

துறைமுகத்தின் மதில் சுவருக்கு இந்தப் பக்கம், அம்மா துறை இயங்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எந்தக் குப்பத்திலும் இருக்கக்கூடிய வீடுதான். பையனுக்குப் பதினைந்து வயது. அப்பா விடியுமுன் கடலுக்குப் போய்விடுவார். அம்மா முன்பு மீஞ்சூர் சந்தையில் மீன் விற்றவள். இப்போது கூடை பரணில் கிடக்கிறது. காதில் தோடு இல்லை. அவன் பிடித்து இழுத்து, மடல் கிழிந்து தையல் போட்டபிறகு கழற்றியதுதான். வீட்டில் கண்ணாடிச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் இருக்கிறது, ஏனென்றால் திறந்தால் அவன் தண்ணீரைப் பார்த்துத்தான் ஓடுவான். ஐந்து வயதில் ஓடியபோது இடுப்பில் தூக்கி வந்துவிட்டாள். இன்று அவன் அவளைவிட ஒரு தலை உயரம்.

மூன்று வாரமாகச் சுவரில் தலையை மோதுகிறான். “காத்து கருப்பு அண்டியிருக்கும்க்கா, மந்திரிச்சுப் பாரு” என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் மாத்திரையை அரையிலிருந்து ஒன்றாக்குகிறார்கள். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை. வலிக்கிறது என்று சொல்ல வாய் வராத பிள்ளை, தனக்குத் தெரிந்த வழியில் சொல்லியிருக்கிறான். பல், காது, மலச்சிக்கல், தூக்கமின்மை, பருவ மாற்றம், லாரி ஹாரன் என்று இந்த ஆவேசங்களுக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். அடிக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று சில வாரம் குறித்துவந்தால் அது பிடிபடும். பசி, வலி, போதும் என்பதைப் படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் கடிப்பது குறையலாம். இது ஒன்றும் தேவரகசியம் இல்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டும்.

ஆள் இல்லாமலா? தாராளமாக இருக்கிறார்கள். பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. சென்னையை வடக்கிலிருந்து தெற்குவரை முழுசாகக் கடந்தால் வந்துவிடும். 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் திருவள்ளூரில், மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில், ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி, இரண்டு மூன்று வண்டி மாறிப் போய் நின்றால், “ஏம்மா, பையனை அடக்கி வைக்க மாட்டியா?” என்று ஒரு குரல் வரவேற்கும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொரு வேடிக்கை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்காது. சரிதான், இவன் மனநோயாளி இல்லை. அப்படியானால் மாற்றுத்திறனாளிகள் துறைக்குப் போக வேண்டும். அங்கே, “அடிக்கிறான், கடிக்கிறான்னா மனநல டாக்டரைப் பாருங்கம்மா” என்பார்கள். இரண்டு துறைக்கும் நடுவே இருக்கும் சந்தில்தான் மூன்றாவது துறை நிற்கிறது, கையில் பையனைப் பிடித்தபடி.

பணம் தரவில்லை என்று பழி சொல்லக் கூடாது. பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாதம் 1,500 ரூபாயாக இருந்ததை 2023 ஜனவரி முதல் 2,000 ஆக்கினார்கள். முப்பது நாளுக்கும் இருபத்து நான்கு மணிக்கும் வகுத்தால், மணிக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் எழுபத்தெட்டு காசு. இரவுப் பணிக்குத் தனிப்படி கிடையாது. கடிபட்டால் இழப்பீடு கிடையாது.

அந்த அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கும். அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று உள்ளே எட்டிப் பார்ப்பது திட்டத்தில் இல்லை. அம்மா பெயரில் இட்லி, குடிநீர், உப்பு, சிமெண்ட் எல்லாம் விற்ற மாநிலம் இது. ரேஷன் பொருளை முதியோர், மாற்றுத்திறனாளிகள் வாசலுக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்குத் தாயுமானவர் என்று பெயர் வைத்ததும் இதே மாநிலம். அரசு தாயுமானவராகலாம், நாலு மணி நேரம் தாயை மாற்றிவிட மட்டும் ஆள் இல்லை.

சங்கிலிக் கதையையும் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். நாடே பதறியது. காப்பகங்களை மூடினார்கள். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. சட்டத்தை முதல் முறை மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பத்தாயிரம் என்பது ஐந்து மாத உதவித்தொகை. இந்தப் பையன் அந்தச் சட்டப்படி மனநோயாளி இல்லைதான். ஆனாலும் சிகிச்சைக்குச் சேர்க்காதவர்கள் வழக்குக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்று தாராளமாக நம்பலாம். சங்கிலி போக வேண்டியதுதான், அதில் இரண்டு கருத்து இல்லை. சங்கிலியை எடுத்த இடத்தில் யார் நிற்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு பெண்ணை அங்கே கட்டிவிட்டோம்.

கட்டியது வெளியே தெரியாமல் இருக்கத்தான் பூமாலை போடுகிறோம். தெய்வத் தாய், தியாகச் சுடர், “கடவுள் உங்களை நம்பித்தான் இந்தக் குழந்தையைக் கொடுத்திருக்கார்.” தெய்வத்துக்குச் சம்பளம் தர வேண்டாம், தெய்வம் தூங்க வேண்டாம், தெய்வத்துக்கு முதுகு வலிக்காது. எத்தனை வசதி! ஊரும் இதில் சளைத்ததில்லை. பழவேற்காடு ஏரியில் இன்ன நாளில் இன்னார் வலை போட வேண்டும் என்று பாடு வைத்து, தலைமுறை தலைமுறையாக இறாலைப் பங்கிட்டுக்கொள்ளும் சமூகம் இது. முறை வைத்து உழைக்க இங்கே யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் ஒரு மத்தியானம் அந்தப் பையனோடு உட்கார்ந்திருக்க என்று எந்தத் தெருவும் முறை வைத்ததாகத் தெரியவில்லை.

கேட்பது 6,110 ஏக்கர் இல்லை. மீஞ்சூரிலோ பழவேற்காட்டிலோ, நாலு சுவரும் பூட்டாத கதவும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள ஒரு பகல்நேர மையம் போதும். மாதத்தில் சில நாள் வீட்டுக்கே வந்து அம்மாவை மாற்றிவிட ஆள் வேண்டும். பல் பிடுங்க மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் ஒரு தேதி வேண்டும். இரண்டு துறைகளும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்; மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு ஆபீஸ் வீட்டுக்கு வர வேண்டும். கப்பலுக்குச் செய்கிறதை ஒரு பிள்ளைக்குச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அதற்கு நிதி இல்லை என்றால் பரவாயில்லை. வருகிற மே மாதம் அன்னையர் தினத்துக்கு அரைப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுப்பீர்கள் அல்லவா, அந்தச் செலவிலிருந்து ஆரம்பியுங்கள்.