"எங்க வுடப் போறீங்க?"

எங்கள் ஊரான காணையில் ஒருவர் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு ரோட்டில் போனால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, மாட்டாஸ்பத்திரிக்குப் போகிறார். இல்லையென்றால், எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வரப் போகிறார். நாயை நடத்துவதற்காகவே ஒரு மனிதன் நடப்பான் என்பது ஊர்க் கணக்கில் இல்லை. 'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நடக்கிற ஜீவனுக்கு உடற்பயிற்சி எதற்கு, அதற்கு ஓர் ஆள் வேறு எதற்கு?

அதனால் எங்கள் நாய் சின்னாவோடு திருக்கோவிலூர் ரோட்டில் ஏறியதுமே டீக்கடை பெஞ்சிலிருந்து குரல் வந்துவிடும்.

"சார், எங்க வுடப் போறீங்க?"

"வுடலப்பா, வாக்கிங்."

"அரகண்டநல்லூர்ல வுட்டாலும் திரும்பி வந்துடும் சார். ஆத்துக்கு அந்தாண்ட வுடுங்க."

தென்பெண்ணையைத் தாண்டி விட வேண்டிய அளவுக்குச் சின்னா யாருக்கும் எந்தத் துரோகமும் செய்ததில்லை. அவன் அம்மா பொமரேனியன். அப்பா யார் என்பதில் தெருவில் பலர் மேல் சந்தேகம் உண்டு. காதைப் பார்த்தால் ஒருவர், வாலைப் பார்த்தால் இன்னொருவர். அம்மா வழிப் பெருமையும் முழுசாக நிற்காது. நாம் பொமரேனியன் என்று கொண்டாடுவதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரன் காலத்தில் நம் வெயிலுக்குத் தாங்கும்படி இங்கேயே வளர்த்தெடுத்த வகை. 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்றதே, அந்த வகைதான். எங்கள் சின்னா அம்பயர் வேலைக்கெல்லாம் போகவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைப் பார்த்துக் குரைப்பதோடு சரி.

நடக்கச் சொன்னது கால்நடை டாக்டர். விலாவில் லேசாகக் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டுமாம். சின்னாவின் விலாவில் கை வைத்த டாக்டருக்குத் தலையணைதான் தட்டுப்பட்டது. காலையும் மாலையும் அரை மணி நேரம் நடை, அளவான சாப்பாடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து என்று எழுதிக் கொடுத்தார். நடை என் பொறுப்பு. சாப்பாடு ஊர்ப் பொறுப்பு. அங்கேதான் இடிக்கிறது.

நாங்கள் நடக்கிற வழியின் இரண்டு பக்கமும் அன்னதானம் நடக்கிறது. எதிர்வீட்டு ஆயா ஒரு பொறை. டீக்கடையில் ஒரு பிஸ்கெட். மல்லாட்டை பிடுங்குகிற நாளில் களத்து மேட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் ஒவ்வொருவராக உரித்து நீட்டுவார்கள். சின்னாவும் யார் மனசும் கோணாமல் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து வாங்கிக்கொள்வான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இருந்ததைவிட எடை கூடித் திரும்புகிற வாக்கிங்கை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு தனி அத்தியாயம். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தில் இருக்கிற சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் விஷம். அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெங்காயம் இல்லாம என்னாடா கொழம்பு வெக்கறது?" என்றாள். குழம்பை அவனுக்கு ஊற்றாமலே இருக்கலாம் என்ற யோசனை அந்த வீட்டில் யாருக்கும் நியாயமாகப் படவில்லை.

சித்திரை, வைகாசியில் இன்னொரு சங்கடம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தார் ரோடு கொதித்தால் பாதம் வெந்துபோகும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரை எண்ணிப் பார், உன் கைக்கு ஆகவில்லையென்றால் அதன் காலுக்கும் ஆகாது என்பது விதி. ஒரு சாயங்காலம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தாரில் கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் பின்னால் சைக்கிள் நின்றது. "இன்னா சார், சில்லறை வுழுந்துடுச்சா?" பதில் சொல்வதற்குள் அவரும் தேட ஆரம்பித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கூட வேகத்தைக் குறைத்து விசாரித்துவிட்டுப் போனது. இந்தக் காலத்திலும் அடுத்தவன் சில்லறைக்கு இவ்வளவு பேர் குனிகிற ஊர் எங்கள் ஊர். இப்போது சூரியன் ஏறுவதற்கு முன்னும் நன்றாக இருட்டிய பின்னும்தான் நடை.

வெயிலைச் சாக்கிட்டு வந்த இன்னொரு யோசனை மொட்டை. "மேல்மலையனூர்ல நமக்கே அடிக்கிறாங்க, இதுக்கு அடிச்சா என்னா?" ஸ்பிட்ஸ் வகைக்கு முடி இரண்டு அடுக்கு. குளிரைப் போலவே வெயிலையும் அது ஓரளவு தடுக்கும்; ஒட்டச் சிரைத்தால் தோல் வெந்துவிடும். தினமும் சீப்பு போட்டு உதிர்ந்த முடியை எடுத்தால் போதும். சீவும்போதே காதின் உள்மடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். உண்ணிக்கு ஊர் வைத்தியம் மண்ணெண்ணெய். தயவுசெய்து வேண்டாம். தோல் புண்ணாகும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் தருகிற மருந்து போதும்.

ஆண்டில் ஒரே ஒரு நாள் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார். அதை நினைவுகூர்ந்து அந்தத் தேதியில் கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். அன்றைக்கு ஊரே நாயோடு நடக்கும். மாட்டுக் கயிறு, பழைய துப்பட்டா, கிணற்றுக் கயிறு என்று கையில் கிடைத்ததில் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். சின்னா மட்டும் நிஜச் சங்கிலியில், பழகின நடையில், கொஞ்சம் கர்வமாகப் போவான்.

குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். கடி பட்டால் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோய் முற்றி அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிது. அப்புறம், எங்கள் தெருப் பக்கம் வருகிறவர்கள் சின்னாவைத் தாராளமாகக் கொஞ்சலாம். பொறை மட்டும் வேண்டாம்.