அப்டேட் கேட்கும் அண்ணன்

1883இல் அணை உடைந்து வெள்ளம் அடித்துப்போன கோலக்குபு ஊரை, பிற்பாடு வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கே மாற்றிவிட்டார்கள். பக்கத்து அம்பாங் பெச்சாவில் ஓர் அண்ணன் இருக்கிறார்; போனின் பூட் இமேஜைக்கூடப் பழையபடி மாற்ற மாட்டார்.

விளம்பரத் தொல்லை தாங்காமல், பூட் இமேஜைத் திருத்தி போனை ரூட் செய்தவர். அப்டேட் நூறு சதவீதம் இறங்கும், போன் அணைந்து எழும், ‘தோல்வி’ என்னும்.

“லைன் மோசம் லா, தம்பி!”

லைன் பாவம். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதலே, அப்டேட் பழைய சிஸ்டத்தைத் துண்டு துண்டாகச் சரிபார்க்கிறது. ஒரு பைட் பிசகினாலும் நுழையாது.

“ஒரிஜினல் பூட் இமேஜை ஏத்தி அப்டேட் பண்ணுங்கண்ணே. அப்புறம் மறுபடி ரூட் பண்ண மேஜிஸ்க் போட்டுக்கலாம்.”

“அதுவரைக்கும் விளம்பரம் வருமே!”

இப்போது அவருக்குத் தினமும் வரும் ஒரே விளம்பரம்: ‘புதிய அப்டேட் தயார்.’